அறுவடை ஏலத்தில் போன இரண்டு கூப்பன்கள்

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, தாளின் மேல் வைத்தார்.

"ஒரு வரி மதி சேச்சி. 'இவர் எங்க குடும்பத்து ஆள்'னு எழுதி ஒப்பு போடுங்க. பின்னே ஒரு குழப்பமும் இல்ல."

மதி என்றால் போதும், ஒப்பு என்றால் கையெழுத்து. இந்த மலையில் முப்பது வருஷமாகத் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவளுக்கு இந்த மலையாளம்கூடப் புரியாமல் இருக்குமா?

'இவர்' என்று அவர் கை காட்டியது ஞானதாஸ் அண்ணாச்சியை. எங்கள் எஸ்டேட் முக்கில் டீக்கடை வைத்திருக்கிறவர். எங்கள் சபையில் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். சொந்தம் என்று பார்த்தால் அவருக்கும் எனக்கும் ஒன்றும் கிடையாது. அன்றைக்கு அவர் என்னோடு பேசக்கூட இல்லை.

நாங்கள் நின்றது டவுனில் இருக்கிற ஒரு பெரிய கடையின் மூன்றாவது மாடி. கடையின் பேர் வேண்டாம். எங்கள் ஆட்கள் அதை மூணு மாடிக் கடை என்றுதான் சொல்வார்கள். எனக்கு எதிரே சுவரோரம் மெத்தைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். புது பிளாஸ்டிக் உறையின் வாசம். நாலாவதாக நின்ற நீலக்கோடு போட்ட மெத்தையை ஏற்கெனவே மூன்று தடவை வந்து கையால் அமுக்கிப் பார்த்திருக்கிறேன்.

எழுதிக் கொடுத்தால் அந்த மெத்தை பாதி விலைக்கு என் வீட்டுக்கு வரும். எழுதாவிட்டால் வராது. நான் பேனாவைக் கையில் எடுத்தேன்.

மெத்தை எதற்கு என்றால்

போன வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் ஜீப் ரோட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரர் இப்போது வேலைக்குப் போகிறாரா என்று ஒரு அம்மா கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலும் இதிலேயே வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் தங்கராஜ், மருந்து அடிக்கிற டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு போனபோது ஈரப் பாறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அதோடு முதுகு போயிற்று. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். பிறகு அங்கிருந்த டாக்டரம்மா, "வெறும் சிமெண்ட் தரையில படுக்கக் கூடாது. பஞ்சு மெத்தையும் வேண்டாம். கட்டியான தேங்காய் நார் மெத்தை வாங்கிப் போடுங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், ஒரு வீடு என்றால் ஒரு அறை, ஒரு அடுப்படி. கட்டிலுக்கு இடம் கிடையாது. சிமெண்ட் தரையில் சாக்கு, அதன் மேல் பாய், அதன் மேல் கம்பளி. அத்தனையும் தாண்டிக் குளிர் ஏறும்.

காலையில் அவர் எழுந்திருப்பதைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருக்கும். முதலில் ஒருக்களித்துப் படுப்பார். "ஸ்தோத்திரம்." முழங்கையை ஊன்றுவார். "ஸ்தோத்திரம்." அப்புறம் முழங்கால். அப்புறம் கதவு நிலையைப் பிடிப்பார். நிமிர்ந்து நிற்பதற்குள் ஐந்து ஸ்தோத்திரம் ஆகிவிடும். வலிக்கிறது என்று சொல்லமாட்டார். நான் அடுப்படியில் டீத்தண்ணி வைத்துக்கொண்டே எண்ணுவேன். ஐந்தாவது காதில் விழுந்த பிறகுதான் டம்ளரில் ஊற்றுவேன்.

பச்சைத் தாள்

மூணு மாடிக் கடையில் அவர் விழுந்த அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். ஐந்நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் ஒரு பச்சைக் கூப்பன். பின்பக்கம் நம் போன் நம்பரை எழுதிக் கொடுப்பார்கள். இருபது கூப்பன் சேர்ந்தால் மூன்றாவது மாடியில் இருக்கிற பொருள் எதுவானாலும் ஒன்று பாதி விலைக்கு.

எனக்கு இந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. டீத்தூள் பாக்கெட் அட்டையை வெட்டிச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தருவார்கள் என்று, அம்மா அட்டையை அரிசிப் பானைக்கு அடியில் போட்டு வைத்தது. எலி கடித்துவிட்டது. கடித்த அட்டையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிக் கொண்டுபோய் டம்ளரை வாங்கியே தீர்த்தது. அந்த டம்ளரில் வீட்டில் யாரும் தண்ணீர் குடித்ததில்லை. வருகிறவர்களுக்குக் காட்டுவதோடு சரி.

எலிக்குப் பயந்து நான் கூப்பன்களைச் சபைப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டு நம்பர் சொன்னதும் புத்தகத்தைத் திறந்தால் பச்சைத் தாள் மடியில் உதிரும். பக்கத்து வீட்டு ரூத் என் காதில், "எக்கா, இருபது பாட்டு ஆச்சா?" என்று கேட்டுச் சிரிப்பாள்.

தீபாவளியோடு கூப்பன் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சேர்த்து வைத்திருக்கிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமைக்குள் கொண்டுவந்து பொருள் எடுக்க வேண்டும். அப்போது எண்ணிப் பார்த்தேன். என்னிடம் இருபத்திரண்டு இருந்தது.

ஞானதாஸ் அண்ணாச்சியிடம் பதினெட்டு. கடையில் போண்டா, வடையோடு தோசையும் போட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அதற்கு மாவாட்டுகிற கிரைண்டர் வேண்டும். நான் வேலை முடிந்து இறங்கி வரும்போது கூப்பிட்டு, கேட்காமலே ஒரு டீ போட்டு நீட்டினார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"எஸ்தரு, ஒனக்கு ரெண்டு கூப்பன் மிச்சமாமே. ரூத்து சொல்லுச்சு."

"ஆமா அண்ணாச்சி."

"சும்மாதான கெடக்கு? எனக்குத் தாயேன். கிரைண்டர் வந்தா மொதத் தோசை ஒன் வீட்டுக்குத்தான்."

"இல்ல அண்ணாச்சி. அது ஆண்டவருக்குன்னு எடுத்து வச்சது."

ஆண்டவர் பேரைச் சொன்னபின் யார் என்ன பேச முடியும்?

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்த நிமிஷம் வரைக்கும் அப்படி ஒரு நினைப்பே எனக்குக் கிடையாது. மாதக்கணக்கில் ஜீப் ஏறி, மூட்டை தூக்கிச் சேர்த்ததை ஒரு டீக்குக் கொடுக்க மனசு வரவில்லை. மறுத்துச் சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருந்தது. ஆண்டவரைச் சாக்காக்கிவிட்டேன்.

யானை தின்ற காணிக்கை

எங்கள் சபையில் அறுவடைப் பண்டிகை கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் முன்னால் வரும். வீட்டுக்கு வீடு விளைந்ததைக் கொண்டுபோய் பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். கிடைக்கிற பணம் சபைச் செலவுக்கு. அந்த வருஷம் கூரைத் தகரம் மாற்ற வேண்டியிருந்தது.

லயத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. நாலு பூசணிக்காய் காய்த்திருந்தது. பண்டிகைக்கு என்று எதையும் தனியாகக் குறித்து வைக்கவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பண்டிகைக்கு முந்தின வியாழக்கிழமை யானை வந்தது. எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. வாழை, சௌசௌ பந்தல், பூசணி எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ரூத் வீட்டுத் தண்ணீர் டிரம்மையும் நசுக்கிப் போட்டுவிட்டுப் போயிற்று. விடிந்து பார்த்தால் ஒரு பூசணிக் காம்பு மட்டும் கிடந்தது.

தங்கராஜ் வாசலில் நின்றபடியே பார்த்தார். "சரி, அதுவும் பண்டிகை கொண்டாடியிருக்கு" என்றார்.

காணிக்கைக்கு என்ன செய்வது? கோழியும் கிடையாது. அப்போதுதான் டீக்கடையில் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் விளைந்தது என்று சொல்ல அந்தப் பச்சைத் தாள்தான் இருந்தது. இருபத்திரண்டில் பத்தில் ஒரு பங்கு என்றால் சுமாராக இரண்டு. தசமபாகக் கணக்கும் ஒத்து வந்துவிட்டது. காணிக்கைக் கவரில் போட்டு, மேலே 'கூப்பன் 2, எஸ்தர் தங்கராஜ்' என்று எழுதிப் பூசணிகளுக்கும் சேனைக்கிழங்குகளுக்கும் நடுவில் வைத்தேன்.

"கூப்பன் ரெண்டு, ஒரு தரம்!"

எங்கள் ஏலத்தைப் பார்க்காதவர்களுக்கு அது விளங்காது. ஒரு முட்டை நூற்றைம்பது ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்ப மேஜையில் வைப்பார். மறுபடி நூறுக்குப் போகும். ஒரு வருஷம் சேவல் ஒன்று கட்டை அவிழ்த்துக்கொண்டு பீடத்தின் மேலே ஏறி நின்று கூவியது. அதற்கு மட்டும் அறுநூறு. பொருளுக்குத் தருகிற விலை இல்லை அது. யார் எவ்வளவு கூப்பிட்டார்கள் என்று அடுத்த பண்டிகை வரை பேச்சு இருக்கும்.

ஏலம் விடுகிறவர் சபையை நடத்துகிற எங்கள் உபதேசியார். கவரைப் பிரித்து, இரண்டு தாளையும் விசிறி மாதிரி பிடித்துக்காட்டினார்.

"எஸ்தர் அம்மா குடும்பம், அவங்க சேர்த்ததுல தசமபாகம். கூப்பன் ரெண்டு. ஐம்பது ரூபா!"

சூப்பர்வைசர் சாமுவேல்தான் முதலில் எழுந்தார். அவரிடம் பத்தொன்பது இருந்தது என்று எனக்கு அப்புறம்தான் தெரியும்.

"நூறு!"

"எறநூறு!" இது ஞானதாஸ் அண்ணாச்சி.

"அண்ணாச்சி, ஒமக்கு எதுக்கு? கடையில டீயே கலங்கலாத்தான் வருது" என்றார் சாமுவேல். சபையே சிரித்தது.

"கலங்கலைக் குடிச்சிட்டு மூணு மாசமா பாக்கி வச்சிருக்கவரு பேசுதாரு. முன்னூறு!"

ஏறிக்கொண்டே போயிற்று. அறுநூற்றைம்பதில் சாமுவேல் உட்காரப் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி கண்ணைக் காட்ட, மறுபடி எழுந்து எழுநூறு என்றார். அண்ணாச்சி வேட்டியை இழுத்துக் கட்டினார்.

"எண்ணூறு. இதுக்கு மேல கூப்பிடுதவன் கூப்பிட்டுக்கட்டும், நான் வடையைத் தட்டப் போறேன்."

மூன்று தரம் ஆயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள். உபதேசியார் ரசீது எழுதி, சபை முத்திரையைக் குத்திக் கொடுத்தார். ரூத் என் கையைப் பிடித்து, "எக்கா, பூசணி வச்சிருந்தா எறநூறு தாண்டியிருக்காது" என்றாள். வெளியே வரும்போது நாலு பேர் என்னைப் பார்த்து, எஸ்தருக்கு எவ்வளவு நல்ல மனசு என்றார்கள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அந்த இரண்டும் எனக்கு எதற்கும் உதவாதவை என்பது என்னையும் ரூத்தையும் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். அவர் எண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தார்.

ரசீது செய்த வேலை

கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் அண்ணாச்சியின் குரல்.

"எஸ்தரு! வெளிய வா!"

ஈரக்கையோடு போனேன். கையில் சபை ரசீது. முகம் கறுத்திருந்தது.

"சும்மா கேட்டேன், தரல. எண்ணூறு ரூபா குடுத்து வாங்கினேன், அப்பவும் கெடைக்கல. நான் என்ன பாவம் செஞ்சேன்னு நீயே சொல்லு."

நடந்தது இதுதான். பதினெட்டையும் இரண்டையும் கொண்டுபோய் மேல்மாடிக் கவுண்டரில் வைத்திருக்கிறார். அங்கே இருந்த பெண் மிஷினில் காட்டிப் பார்த்து, "இது ரெண்டும் வேறே நம்பர் ஆணல்லோ, எங்கேந்து கிடைச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

வேறு எவனாவது இருந்தால் ரோட்டில் கிடந்தது என்றோ, என் தங்கச்சி தந்தாள் என்றோ சொல்லியிருப்பான். அண்ணாச்சிக்கு ஒரே பெருமை. சட்டைப் பையிலிருந்து ரசீதை எடுத்து விரித்து வைத்திருக்கிறார். 'கூப்பன் 2, ரூ. 800'. கீழே முத்திரை. சபையில் முத்திரை குத்திக் கொடுத்ததற்கு மேல் ஒரு அத்தாட்சி உலகத்தில் உண்டா என்று அவர் நினைப்பு.

கூப்பனின் பின்பக்கம் மலையாளத்தில் பொடி எழுத்தில் இருப்பதை அந்தப் பெண் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். கூப்பனை விற்கக்கூடாது. விற்றால் அந்த நம்பரில் உள்ள எல்லாக் கூப்பனும் செல்லாது. ரசீதை போனில் படம் எடுத்துக்கொண்டாள். என் நம்பரைப் பூட்டிவிட்டாள்.

"என் ரெண்டு மட்டும் போகல பாத்துக்கோ. ஒன் இருபதும் சேந்து போச்சு" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

அவர் போனபின் நான் அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். அழவில்லை. இரண்டு கொடுத்தேன், இருபதும் போயிற்று என்று அதையே திருப்பித் திருப்பி நினைத்தேன். சாப்பிடும்போது தங்கராஜிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டீக்கடையில் சாக்குச் சொன்னதையும்தான்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் முதுகில் பிடிக்கும், பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"ஏட்டி, நாளைக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் போ. நடந்ததைச் சொல்லு. தந்தா மெத்தை. தரலேன்னா தரை எங்கயும் ஓடிராது."

மறுநாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, மெத்தைக்கு வைத்திருந்த பணத்தையும் இருபது கூப்பனையும் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறினேன். அண்ணாச்சி முன்சீட்டில். டவுன் வரும்வரை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளைத் தாள்

மேனேஜர் கெட்டவர் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். விதியை மறுபடி வாசித்தார். ஒரே குடும்பத்து ஆட்கள் கூப்பனைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அந்தத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"குடும்பம்னா ஒருத்தருக்கொருத்தர் காசு தர்றது விற்பனை ஆகாது. ரசீதை நான் மறந்துட்றேன். ரெண்டு பேரும் சாதனம் எடுத்துட்டுப் போகலாம். தமிழ்ல எழுதினாலும் மதி. எனக்கு வாசிக்கத் தெரியாது, ஃபைல்ல ஒரு பேப்பர் வேணும், அவ்வளவுதான்."

அண்ணாச்சி முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அந்தப் பக்கம் கிரைண்டர், இந்தப் பக்கம் மெத்தை. நடுவில் நான் ஒரு வரி எழுத வேண்டும்.

எழுத ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள், மெதுவாகத்தான் வரும். நான் எழுதியது இது:

'ஐயா, ஞானதாஸ் அண்ணாச்சி எனக்குச் சொந்தம் இல்லை. ஒரே எஸ்டேட், ஒரே சபை. எனக்கு இருபது போக இரண்டு கூப்பன் மிஞ்சியது. மிஞ்சியதைக் காணிக்கை வைத்தேன். சபையில் ஏலம் போட்டார்கள். அண்ணாச்சி எண்ணூறு ரூபாய்க்கு எடுத்தார். பின்னால் எழுதியிருந்தது எங்களுக்குத் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு முதுகு சரியில்லை. இதுதான் நடந்தது. எஸ்தர் தங்கராஜ்.'

ஏன் அப்படி எழுதினேன் என்றால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு சாக்குச் சொன்னதிலிருந்துதான் இவ்வளவும் வந்தது. இன்னொன்றைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துவிட்டார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. குனிந்து முணுமுணுத்தார்: "சரி, எழுதிட்ட. மனசு ஆறிருச்சுல்ல? அவருக்குத்தான் வாசிக்கத் தெரியாதே. பேசாமக் குடு."

மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டார். கீழே கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். முத்திரையை எடுத்து மைப்பெட்டியில் அழுத்தினார்.

எனக்கு அந்த நீலக்கோடு தெரிகிறது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தங்கராஜும் தெரிகிறார். எழுதியது உண்மைதானே, நான் பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று மனசு சொல்கிறது. டீக்கடையில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசியபோதும் இந்த மனசுதான் பேசியது.

"சார், நில்லுங்க" என்றேன். "அதை நான் வாசிச்சுக் காட்டுதேன்."

அண்ணாச்சி, "கெட்டுது போ" என்று சத்தமாகவே சொன்னார்.

வாசித்தேன். தமிழ் கேட்டால் மேனேஜருக்கு நன்றாகவே புரியும். நான் முடிக்கும்வரை முத்திரையைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். மை ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது.

"அந்த எண்ணூறு யாருக்குப் போச்சு?"

"சபைக்கு. கூரைத் தகரத்துக்கு."

"உங்களுக்கு ஒண்ணும் கிட்டியில்லா?"

"பாராட்டுதான் கெடைச்சது சார்."

அவர் தலையைச் சொறிந்தார். கூப்பனைத் திருப்பிப் பொடி எழுத்தை மறுபடி ஒரு தடவை வாசித்தார். பிறகு போனில் யாரிடமோ மலையாளத்தில் வேகவேகமாகப் பேசினார். போனை வைத்துவிட்டு, "அப்போ விற்றது நீங்க அல்ல, பள்ளி" என்றார். மலையாளத்தில் கோயிலைப் பள்ளி என்பார்கள். "பள்ளிக்கு இங்கே நம்பர் இல்ல. இல்லாத நம்பரை நான் எப்படிப் பூட்ட?"

விற்ற கூப்பன் செல்லாது என்று, சிவப்புப் பேனாவால் அந்த இரண்டுக்கும் குறுக்கே கோடு இழுத்தார். இருபதைக் கவுண்டருக்கு அனுப்பினார். அண்ணாச்சியின் பதினெட்டை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மெத்தை எனக்கு வந்தது. கிரைண்டர் அவருக்கு இல்லை.

படியிறங்கும்போது அவரிடம், "அண்ணாச்சி, அந்த எண்ணூறைக் கொஞ்சங்கொஞ்சமா நான் தந்திருதேன்" என்றேன்.

நின்று திரும்பினார். "அது ஆண்டவருக்குப் போன காசு. நீ யாரு திருப்பித் தர?" இரண்டு படி இறங்கி மறுபடி நின்றார். "மிஞ்சினதைத்தான் ஆண்டவருக்குக் குடுத்திருக்க. எனக்கு அதுவும் தரல."

உள்ளதைத்தானே சொன்னார்.

ஜீப்பின் மேல் மெத்தையைக் கட்டத் தெரியாமல் டிரைவர் முழித்தபோது, கயிற்றைப் பிடுங்கிக் கட்டியவர் அவர்தான். "அவன் கட்டினா ரெண்டாவது வளைவுல காட்டுக்குள்ள போயிரும்" என்றார். அதை டிரைவரிடம் சொன்னாரா, என்னிடம் சொன்னாரா தெரியாது.

ரசீதைக் காட்டியது

ஒரு மாதத்தில் ஐந்து ஸ்தோத்திரம் மூன்றாயிற்று. மழை தொடங்குவதற்குள் இரண்டு. இப்போது இரண்டில்தான் நிற்கிறது. டேங்க் தூக்குகிற வேலை கிடையாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. கேட்ட அம்மாவுக்கு இதுதான் பதில்.

அந்தக் கதையை அண்ணாச்சி டீக்கடையில் ஒரு வருஷம் முழுக்கச் சொன்னார். வாசித்துக் காட்டுகிற இடம் வரும்போது என் குரலில் பேசிக் காட்டுவாராம். புதுசாக வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "அந்த வாசிச்ச அக்கா நீங்களா?" என்று கேட்பார்கள்.

அடுத்த வருஷம் யானை வேறு வழியாகப் போயிற்று. கொடியில் முதலில் பழுத்த பூசணியின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தேன். கடைசியில் பார்த்தால் அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கொடுக்க மனசுக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பண்டிகையன்று தங்கராஜ் அதைத் தோளில் தூக்கினார். வேண்டாம், நான் எடுக்கிறேன் என்றேன். "ஒரு பூசணிதானே" என்று சொல்லி, லயத்திலிருந்து சபை வரைக்கும் நடந்து, தானே பீடத்துக்கு முன்னால் இறக்கி வைத்தார். நான் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் அவர் முதுகைத்தான் பார்த்தேன்.

ஏலத்தில் உபதேசியார், "எஸ்தர் அம்மா குடும்பம், பூசணி ஒண்ணு" என்றதுமே ஞானதாஸ் அண்ணாச்சி எழுந்து நேரே மேஜைக்குப் போனார். பூசணியை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகப் புரட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பின்னாடி ஒண்ணும் எழுதல" என்று சபைக்குச் சொன்னார். "சரி, அம்பது ரூபா."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சாமுவேலும் விடவில்லை. இருநூற்றுப் பத்துக்கு அண்ணாச்சியே எடுத்தார். உபதேசியார் எழுதி முத்திரை குத்திக் கொடுத்த ரசீதை மடித்துப் பையில் வைப்பதற்கு முன்னால், பெண்கள் பக்கம் திரும்பி, எனக்குத் தெரிகிற மாதிரி ஒரு தடவை தூக்கிக் காட்டினார்.